மூன்றாம் வண்டியின் ஜோடி

ஏப்ரல் 6, திங்கள்

மூச்சு வாங்கும், தலை இடிக்கும், தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, பாதி வழியில் மண் சரிந்து பாதை மூடிக் கிடக்கும். இவ்வளவும் தெரிந்து எதற்காக அங்கே போகிறேன்?

தெரியவில்லை.

கேள்வி என்னுடையது அல்ல. இன்று மாலை இமயமலைப் பயணக் குழுவின் முதல் கூட்டம். வருடா வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த உயரமான கணவாய்களில் வண்டி ஓட்டவைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறவர், எடுத்த எடுப்பில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். எப்போதும் முதல் வண்டியில் போவதால் அவருக்கு 'தலைவண்டி' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

பேக்கரிக்காரர், "வீட்டுக்காரி ஆசைப்பட்டா, அதான்" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "பொய். ஆசை இவருக்கு, சாக்கு நானு" என்றார். மாட்டு டாக்டர், மாடே இல்லாத ஒரு இடத்தில் பத்து நாள் இருக்க வேண்டும் என்றார். "அங்க சடை எருமை இருக்கு டாக்டர்" என்றார் தலைவண்டி. டாக்டர் முகம் போன போக்கு!

என் தோழி குச்சி எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள். "இவளும் நானும் ஹாஸ்டல்ல இருந்தே பேசி வெச்சது சார்."

உண்மைதான். எங்கள் அறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தாள் இருந்தது. பனிக்கு நடுவே கொண்டை ஊசி வளைவு, அதில் ஒரே ஒரு லாரி. படிப்பு முடிந்து அறையைக் காலி செய்தபோது சுவரின் சுண்ணாம்போடு பிய்த்து எடுத்து வந்தேன். கல்யாணம், வேலை, பிள்ளை, அம்மாவின் நோய் எல்லாம் ஆன பிறகு, போன வருடம் ஒரு நாள் குச்சியே போனில் கூப்பிட்டாள். "ஏய் கோட்டான், போலாமா?" நான் அதிகம் பேசுவதில்லை என்பதால் கோட்டான். அவள் உயரத்துக்கு ஒட்டடைக்குச்சி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்தப் பெயர்கள்தான்.

தலைவண்டி என்னைப் பார்த்தார். "நீங்க மேடம்?" தெரியல சார் என்றேன். "நல்லது. தெரிஞ்சவங்கதான் பாதியில திரும்பணும்னு அடம்பிடிப்பாங்க."

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டாம் கூட்டம். மூன்று வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஓட்டத் தெரிந்த இருவர். முதல் வண்டியில் தலைவண்டியோடு பேக்கரி அக்கா. விடிகாலையில் ஊர் முழுக்க ரொட்டி வேன் ஓட்டுகிறவர். இரண்டாவதில் அவர் கணவரும் மாட்டு டாக்டரும். மூன்றாவது நானும் குச்சியும். புருஷன் பெண்டாட்டியை ஒரே வண்டியில் போடமாட்டாராம். "ஒண்ணு சண்டை போடுவாங்க. இல்லன்னா ஒருத்தர காப்பாத்த ஒருத்தர் பொய் சொல்வாங்க. ரெண்டும் மேல ஆபத்து."

அப்புறம் ஒரு விதி சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்:

"மேல போனா மொதல்ல கெட்டுப்போறது மூளைதான். கெட்டுப்போன மூளைக்குத் தான் கெட்டது தெரியாது. அதனால உங்க உடம்பப் பத்தி நீங்க சொல்றத நான் கேக்கவே மாட்டேன். நல்லா இருக்கேன்னுதான் எல்லாரும் சொல்லுவீங்க. உங்க ஜோடி என்ன சொல்றாங்களோ அதுதான் கணக்கு. ஜோடி இறங்குன்னா இறங்கணும். எதிர்த்துப் பேசக் கூடாது."

யார் என்ன சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்பது என் வியாதி. இதற்கு மட்டும் கேட்கவில்லை. எங்கள் சோதனைக் கூடத்திலும் அதுதானே வழக்கம்? கட்டடத்துக்கான கான்கிரீட்டை அச்சில் வார்த்தவர்களே அந்தக் கட்டியை இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்க்க விடமாட்டோம். எவ்வளவு தாங்குகிறது என்று வேறொருவர்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது குச்சி சொன்னாள், "இனிமே நான் சொல்றதுதான் சட்டம், கேட்டுக்கோ." சிரித்தோம்.

ஏப்ரல் 20, திங்கள்

என் வீட்டுக்காரர் எனக்குப் பனிக்கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி, பக்கங்களிலும் மறைப்பு, என் பார்வைக்கு ஏற்ற பவரோடு. தன் மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிய பிறகு உட்கார்ந்து தன் கையாலேயே விளிம்பு தேய்த்திருக்கிறார். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று மூன்று முறை கேட்டார்.

இவர் காரில் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிற மனிதர். மலை என்றால் ஒரு மாடி ஏறக்கூட யோசிப்பார். நான் போகிறேன் என்றபோது ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "போய்ட்டு வா. உன் ஆசைதானே" என்றார். சோதனைக் கூடத்தில் மற்ற பெண்கள், "உங்க வீட்டுக்காரர் மாதிரி யாரு இருப்பாங்க" என்கிறார்கள். நான் எதையும் சட்டென்று ஒத்துக்கொள்கிறவள் இல்லை, இதை ஒத்துக்கொண்டேன்.

மே 3, ஞாயிறு

முதல் ஒத்திகை. ஊருக்கு வெளியே கல்குவாரி மலைப்பாதை. அவரவர் சொந்த வண்டி, ஆளுக்கொரு வாக்கி-டாக்கி. நான் என் வெள்ளை வண்டியை எடுத்துப்போனேன்.

நன்றாகத்தான் ஓட்டினேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஐந்தாறு வளைவு ஏறியதும் குச்சி என்னையே பார்த்தாள்; பிறகு வாக்கி-டாக்கியை எடுத்தாள். "மூணாம் வண்டி. இவளுக்குத் தலை சுத்துது சார். கண்ணு ஒரு மாதிரி சொருகுது."

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"ஓரங்கட்டுங்க மேடம்" என்றது பெட்டியில் தலைவண்டியின் குரல்.

"சார், நிஜமா எனக்கு ஒண்ணும்..."

"நீங்க சொல்றது கணக்குல வராது மேடம். ஜோடி ஓட்டட்டும்."

சாவியைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். விதி விதிதான். குச்சி என் முழங்காலைத் தட்டி, "கோவமாடி?" என்றாள். இல்லை என்றேன். கோபம் இல்லைதான். ஆனால், எனக்குத் தலை சுற்றியதா?

மே 5, செவ்வாய்

சுற்றியதா?

வேலை ஓடவில்லை. ஒரு கட்டியை இயந்திரத்தில் வைத்துவிட்டு மேல் தகட்டை இறக்காமலே நின்றிருக்கிறேன். உதவியாளப் பெண் வந்து "மேடம்?" என்றாள். இதுவும் அதன் அறிகுறியோ? மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சைக் கவனிக்கிறேன். கவனித்தால் எந்த மூச்சும் சரியாக இருப்பதாகத் தெரிவதில்லை.

போன வருடம் அம்மா இறந்த மாதத்தில், இதே படியில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டேன். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, செத்துவிடுவேன் என்று ஒரு பயம். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விட்டது. குச்சியிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று. அதை நினைத்துத்தான் பயந்திருப்பாள். அவள் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கிறது. தான் கெட்டது தனக்குத் தெரியாது. தலைவண்டி சொன்னது அதுதானே.

மே 11, திங்கள்

இதயம், ரத்தம், காது என்று எல்லாச் சோதனையும் ஆயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். ஒன்றும் இல்லை என்பதை நம்பமுடியாமல் வந்தேன். குச்சியிடம் சொன்னபோது, "எதுக்குடி இவ்ளோ அலட்டிக்கிற?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மே 24, ஞாயிறு

உடனே எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் ஒத்திகை. ஏதோ பசு பிரசவம் என்று மாட்டு டாக்டர் வரவில்லை. அதனால் தலைவண்டி ஆட்களை மாற்றிப்போட்டார். குச்சி இரண்டாம் வண்டியில் பேக்கரிக்காரரோடு. என்னோடு பேக்கரி அக்கா. முதல் வண்டியில் தலைவண்டி தனியாக முன்னால் போய்விட, இரண்டாம் வண்டி மேலே போய் உச்சியில் நிற்க, நாங்கள் கீழிருந்து ஏறினோம்.

அக்கா வாய் ஓயாத ஆள். முன்பின் பழக்கமில்லாத என்னிடம் தன் நாத்தனார் கதையை ஆரம்பித்து, பாதியில் ஓவன் ரிப்பேருக்குத் தாவி, "நீங்க என்ன இன்ஜினியரம்மா, ஊம் கொட்டக்கூடக் காசு கேப்பீங்க போல" என்றார். சிரித்துவிட்டேன். அப்போதுதான் வாக்கி-டாக்கி கரகரத்து, குச்சியின் குரல் வந்தது. எங்களிடம் பேசவில்லை. போனில் யாரிடமோ.

பேக்கரிக்காரர் ஒதுங்குவதற்காக இறங்கிப் போயிருக்கிறார். இவள் தனியாக இருக்கிறாள். மடியில் கைப்பை, பைக்கு அடியில் வாக்கி-டாக்கி, அதன் பொத்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் மற்ற யாரும் குறுக்கே பேச முடியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

"ஆமாங்க, ஏறிட்டிருக்கா... நல்லாத்தான் ஓட்டுறா, அதான் பிரச்சனையே... இல்லங்க, கவலப்படாதீங்க. அன்னைக்கு மாதிரியே சொல்லிடறேன். தலை சுத்துதுன்னு நான் சொன்னா அந்த ஆள் மறுபேச்சு இல்லாம எறக்கிடறாரு... மேல போனதும் மொத நாளே சொல்லிடறேன், அப்புறம் முழுக்க நான்தான்... அவளுக்கா? ம்ஹும். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. தனக்குத்தான் ஏதோ வியாதின்னு டாக்டர்கிட்டல்லாம் போய்ட்டு வந்திருக்கா, பாவம்... சரிங்க. கடைய பாருங்க. அவ வந்துருவா."

கடையைப் பாருங்கள். கண்ணாடிக் கடையை.

அக்கா நாத்தனாரை அப்படியே விட்டுவிட்டார். ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினார். "இருக்கட்டும்க்கா" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. அடுத்த வளைவை நான் ஒழுங்காக எடுத்தேன், அதற்கடுத்ததையும் எடுத்தேன். உச்சிக்குப் போய் இரண்டாம் வண்டிக்குப் பின்னால் நிறுத்திக் கைப்பிரேக் போட்டேன்.

தலைவண்டி திரும்பி வந்து அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குச்சி ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், எல்லாரும் இப்படி பாக்கறீங்க?" என்றாள். அவர் அவள் மடியிலிருந்த பையைத் தூக்கி, அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மே 24, அதே நாள்

'பாவம்' என்றாள்.

மே 25, திங்கள்

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். மறுக்கக்கூட இல்லை அவர். மறுத்திருந்தால் தேவலை.

"உன் நல்லதுக்குத்தானே?"

"என் நல்லத என்கிட்ட சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

"சொன்னா கேப்பியா நீ? எதச் சொன்னாலும் அப்படியா, ஆதாரம் எங்கன்னு நிப்ப. படியில மயங்கி உக்காந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மயங்கவில்லை. பயந்தேன். அது வேறு. அதை ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் மறுநாளே இவரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து இருவரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருடமாக. சரியாகச் சாப்பிட்டேனா, தூங்கினேனா, அம்மா பேச்சை எடுத்தேனா. "போலாமா" என்று குச்சி கூப்பிட்ட அந்த போன்? அதுவும் இவர் சொல்லித்தான். நான் தனியாகவாவது போய்விடுவேனோ என்று பயந்து, கூடவே ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்.

அப்போ அந்த "போய்ட்டு வா" என்னது? அந்தக் கண்ணாடி என்னது? உக்காந்து உக்காந்து தேய்ச்சீங்களே, அழுத்துதா அழுத்துதான்னு கேட்டீங்களே, அப்பல்லாம் இது உங்க மனசுல இருந்துச்சா இல்லையா?

இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கேதான் கேட்கிறேன்.

அவர்கள் இருவருக்கும் நடுவே வேறு ஏதாவது இருந்திருந்தால்கூட அதற்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. வெளியே சொல்லி அழலாம். இதற்கு என்ன பெயர்? அக்கறை என்பார்கள். யாரிடம் சொன்னாலும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். மூன்று வாரமாக என் மூச்சை நானே நம்பாமல் படிக்கட்டில் நின்றேனே, அது இந்த அக்கறைக்குள் எங்கே வருகிறது?

மே 26, செவ்வாய்

"பாப்பாவுக்கும் தெரியும்" என்கிறார். வெளியூரில் படிக்கிற மகளுக்கும்.

ஜூன் 1, திங்கள்

குச்சி சோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டாள். வீட்டுக்கு வர தைரியம் இல்லை. நான் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. உடைந்த கட்டிகள் குவிந்திருந்த தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினாள்.

"நீ மேல போய் விழுந்துட்டா அவர் என்னைத்தானேடி கேப்பாரு?"

"நீ என் ஜோடியா, அவர் அனுப்பின ஆளா?"

"ரெண்டும்தான்டி. ஏன், ரெண்டும் இருக்கக் கூடாதா?"

"எனக்குத் தலை சுத்துதுன்னு சொன்னியே, அப்ப என் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே சொன்ன?"

தரையில் கிடந்த ஒரு சில்லைக் காலால் தள்ளினாள். அப்புறம், அவளுக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில், "எனக்கு மலைன்னாலே ஆகாது. அப்பவும் ஆகாது, இப்பவும் ஆகாது."

"ஹாஸ்டல்ல அந்தப் படம்..."

"படத்த ஒட்டுனது நீ. நான் பசை தடவிக் குடுத்தேன். அவ்வளவுதான் கோட்டான். நீதான் அத நம்ம ஆசைன்னு நெனச்சுக்கிட்ட. உன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல வரல."

போய்விட்டாள். நான் அடுத்த கட்டியை வைத்தேன். நன்றாக இறுகிய கட்டி கடைசிவரை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. அப்புறம் ஒரே சத்தம். உதவியாளப் பெண் குறித்துக்கொண்டு, "நல்லாத் தாங்கியிருக்கு மேடம்" என்றாள்.

குச்சி பொய் சொன்னதைவிட, கடைசியில் சொன்ன அந்த உண்மைதான் அதிகம் வலிக்கிறது. இருபத்தைந்து வருட ஆசையில் பாதியை யார் பெயரிலோ எழுதி வைத்திருந்திருக்கிறேன்.

ஜூன் 5, வெள்ளி

தலைவண்டி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல செய்தி இல்லை என்று நினைத்துத்தான் போனேன். ஜோடி இல்லாமல் வண்டி போகாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவருக்கு என்மேல் கோபமில்லை. விதியை விளையாட்டாக்கிவிட்டார்களே என்ற கோபம். "உங்க பிரெண்டை நான் மேல கூட்டிட்டுப் போகமாட்டேன் மேடம். பொய்யா ஒரு தடவ இறக்குனவங்க, நிஜமாவே உங்களுக்கு முடியாம போறப்ப சொன்னாலும் நான் யோசிப்பேன். யோசிக்கிற நேரத்துல ஆள் போயிடும்."

"அவங்க சொன்னப்ப நீங்க யோசிக்கலையே" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னேன்.

தலையாட்டினார். "ஆமா. அது என் தப்புதான். இனிமே ரெண்டு கேள்வி கேக்கப்போறேன். யார் சொன்னதுன்னு ஒண்ணு. அவங்கள நம்புறீங்களான்னு உங்களக் கேட்டு ஒண்ணு. ரெண்டாவதுக்கு இல்லன்னு சொன்னீங்கன்னா, நானே வந்து பாத்துட்டுதான் முடிவு."

"எனக்குத்தான் ஜோடியே இல்லையே சார்."

பின்னாலிருந்து, "அதெல்லாம் பேசியாச்சு" என்று குரல். பேக்கரி அக்கா, கையில் பன் பொட்டலம். "மேல இவர்கூட மெக்கானிக் ஒருத்தன் வர்றானாம், அவன் போதும். நான் உங்க வண்டி. ஒரே ஒரு கண்டிஷன். நான் பேசுவேன், நிறுத்தச் சொல்லக் கூடாது."

"என்னைப் பத்தி உங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான நல்லது?"

ஜூன் 8, திங்கள்

அக்காவோடு இரண்டு நாள் குவாரிப் பாதையில் ஓட்டினோம். ஜோடியாகப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் சோதிக்கச் சின்னச் சின்னக் கேள்விகள் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பதில் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயரத்தில் மூளை தடுமாறினால் சுலபமான பதில்தான் முதலில் பிசகும். அக்காவின் கேள்விகள்: நேற்று இரவு என்ன சாப்பிட்டோம், வண்டி என்ன கலர், என் நாத்தனாருக்கு எத்தனை பிள்ளைகள். கடைசிக் கேள்விக்கு அக்காவுக்கே பதில் தடுமாறுகிறது. "நாலு. இல்ல, அந்த மூத்தவன சேத்தா அஞ்சு."

அவர் கணக்கு தப்பு, வழி தப்பு, ஆட்களின் வேலையும் தப்பு. இத்தனைக்குப் பிறகும் நான் வீடு கட்டுகிறவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு இடத்தில் வண்டியைத் திணறவைத்தேன். உடனே, "இப்ப நீங்க ஓட்டுனது நல்லால்ல" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

ஜூன் 13, சனி

நாளை விமானம். வீட்டுக்காரர் என் பையைத் தூக்கி வாசலில் வைத்தார். இரண்டு வாரமாக நாங்கள் வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறோம்: பால், சாவி, மின்சாரம். இன்று, "கண்ணாடி எடுத்துக்கிட்டியா?" என்றார்.

எடுத்துக்கொண்டேன். அவர்மேல் உள்ள கோபத்துக்கு என் கண்ணைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

"மேல போய் முடியலன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அத சொல்ல ஆள் இருக்காங்க" என்றேன். நின்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார். முதுகு கூன ஆரம்பித்திருக்கிறது அவருக்கு. எப்போதிருந்து? பரிதாபப்படுவது இவ்வளவு சுலபமாக வருகிறது. என்மேலும் அவர்களுக்கு இப்படித்தான் வந்திருக்கும் போல.

ஜூன் 19, வெள்ளி

அடிவாரத்தில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏறி, உடம்பைப் பழக்கி, இப்போது மலைக்கு நடுவே ஒரு விடுதி. எனக்குத் தலைவலி இல்லை. மாட்டு டாக்டருக்குத்தான் இருக்கிறது. அது எருமைகளைப் பார்த்ததால் என்கிறார் அக்கா.

இங்கே வாடகைக்கு எடுத்த வண்டிகள். எங்களுடையது சாம்பல் நிறம், உயரமான சக்கரம், கியர் கொஞ்சம் முரடு. நாளை முதல் பெரிய கணவாய். நான்தான் ஓட்டுகிறேன்.

காலண்டர் தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். மூலைகளில் பழுப்பாகப் பசை. அது அவள் தடவியது. அதைப் பார்த்தால் நாளைக்கு வண்டி ஓட்டக் கை வராது. மடித்து வைத்துவிட்டேன்.

நாளை உச்சியில் நின்று வீட்டுக்காரருக்கும் குச்சிக்கும் ஒரு படம் அனுப்ப வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து. ஒரு வார்த்தை எழுதாமல். இதுதான் என் ஆசையா? இதற்காகவா வந்தேன்?

ஜூன் 20, சனி

நடந்ததை நடந்தபடி.

காலை வெயில். பாதை பாதிக்குமேல் ஈரம். தண்ணீர் குறுக்கே ஓடிய இடங்களில் முதல் வண்டி எப்படிப் போனதோ அப்படியே போனேன். பனிச்சுவர் இரண்டு பக்கமும் எழுந்தது. கண்ணாடி நன்றாக இருந்தது, எங்கேயும் அழுத்தவில்லை. அக்கா நாத்தனாரின் மூன்றாவது பிள்ளையின் கதையில் இருந்தார்.

பிறகு பேச்சு நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை.

"இன்ஜினியரம்மா, நேத்து ராத்திரி என்ன சாப்ட்டோம்?"

"சூப்."

"வண்டி என்ன கலரு?"

"வெள்ளை."

"மறுபடி சொல்லுங்க?"

"வெள்ளைதான்க்கா. இப்ப போய் என்ன விளையாட்டு?" எனக்கு எரிச்சல் வந்தது. அந்தச் சாம்பல் நிற முன்பக்கம் என் கண்ணெதிரே நீண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வெள்ளை என்றேன்.

"ஓரங்கட்டுங்க."

எனக்கு ஒன்றும் இல்லை என்பது வாய்வரை வந்துவிட்டது. தலை தெளிவாக இருந்தது. சத்தியமாகத் தெளிவாக இருந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பரிதாபம் இல்லை. பயம் இருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார், மறு கை கைப்பிரேக் மேல். கணவாய் உச்சியில் கட்டிய பிரார்த்தனைக் கொடிகள் மேலே, கொஞ்ச தூரத்தில் தெரிந்தன. இன்னும் இரண்டோ மூன்றோ வளைவு.

நிறுத்தினேன்.

ஓட்டுகிறவர்தான் அறிவிக்க வேண்டும் என்பது வழக்கம். பொத்தானை அழுத்தினேன். "மூணாம் வண்டி. ஓட்டுநர் மாத்தறோம்."

"யார் சொன்னது?"

"ஜோடி சொன்னாங்க."

"நம்புறீங்களா மேடம்?"

கொஞ்சம் தாமதமாகியிருக்கும். "நம்புறேன்" என்றேன்.

அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அம்மா போனபோதுகூட நான் யார் முன்னாலும் அழுததில்லை. அங்கே, அந்தப் பனிக்கு நடுவே, சத்தமாக அழுதிருக்கிறேன். முன்னால் போன இரண்டு வண்டிகளிலும் கேட்டிருக்கிறது. யாரும் குறுக்கே பேசவில்லை. பேச முடியாது. அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பொத்தானை விடுவித்தார். "போதும், எல்லாருக்கும் கேட்டாச்சு" என்றார்.

தலைவண்டி இறங்கி நடந்து வந்தார். உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ஆக்சிஜன் வைத்தார். மேலே போகக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும் என்றார். மற்ற வண்டிகள் கணவாயைத் தாண்டின. மூன்றாம் வண்டி அங்கிருந்தே திரும்பியது. அக்கா ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். இறங்கும்போதுதான் வளைவுகள் எல்லாம் மொத்தமாகத் தெரிந்தன. அதில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. படம் எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்லட்டுமா என்று தலைவண்டி கேட்டிருந்தார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் பயந்தது நடந்துவிட்டது என்றும் சொல்வேன். இங்கே என்னிடம் கேட்டுவிட்டு இறக்கினார்கள் என்றும் சொல்வேன். இரண்டையும் கேட்கிற காது அவருக்கு இருக்கிறதா என்று தெரியாது. குச்சிக்கு என்ன சொல்வேன் என்பதும் தெரியாது.

விடுதியில், கம்பளிக்குள். தலைவலி இப்போதுதான் வந்திருக்கிறது, தாமதமாக, ஆனால் நிஜமாக. எழுத்து கோணலாகப் போகிறது. அடுத்த கட்டிலில் அக்கா தூங்கவில்லை. அடிக்கடி தலையைத் தூக்கிக் கேட்கிறார்.

"இன்ஜினியரம்மா, வண்டி என்ன கலரு?"

"சாம்பல்க்கா."

"சரி, எழுதுங்க."